பஸ்ரா தானியேல் முடுக்கிய நட்டு

1935 பிப்ரவரி 3, ஞாயிறு

நேற்று தோல் பதனிடுகிற ஷாப்பில் சம்பள நாள். அந்தப் பக்கம் போனேன். வேலைக்கு இல்லை. வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. சும்மா பார்க்கத்தான் போனேன். ஆட்கள் வரிசையில் நின்று கட்டைவிரலில் மை பூசி அமுக்கிவிட்டு, அந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்கள். ஏதோ சாதித்துவிட்ட மாதிரி சிரிப்பு. சீ என்று இருந்தது. நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். அதை யாரும் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டாம்.

இப்போது எனக்கு எழுதத் தெரியும். ஐப்பசியில் ஆரம்பித்தேன். மருமகள் அமிர்தவள்ளி மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். "மாமா, ழவுக்கு இவ்ளோ பெரிய வயிறு வேணாம்" என்பாள். எனக்கு வயிறு பெரிதாக இருந்தால்தான் பிடிக்கிறது. இந்த நோட்டை அவள் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பார்த்தால் திருத்துவாள்.

ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகிறது. ஆகட்டும். எனக்கு என்ன அவசரம்.

பிப்ரவரி 5, செவ்வாய்

ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் வேலூர் போய் வந்தேன். வழியெல்லாம் பலகைகளைப் படித்தேன். மூக்குப்பொடி. காபி கிளப். சோடா. இத்தனை வருஷமாக இவை எல்லாம் என் கண்ணெதிரே பேசிக்கொண்டிருந்தன, நான் மாடு போலக் கடந்து போயிருக்கிறேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவன் நாடக நோட்டீசைத் தலைகீழாகப் பிடித்து விசிறிக்கொண்டு வந்தான். அது நோட்டீசு என்றே அவனுக்குத் தெரியாது.

பஸ் என் மகன் காசிநாதனுடையது. பாதி சர்தார் பாஷாவுடையது. பாஷா தோல் ஷாப்பில் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர். காசி ஓட்டுகிறான், அவர் டிக்கெட் கொடுக்கிறார். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நாளாகப் பின்னால் அழுகிறது. பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒரு இரும்பு உருண்டை இருக்கிறது, அதற்குள்ளிருந்து. டிப்ரன்சல் என்று பெயராம். மாதனூர் தாண்டி வேகம் எடுத்தால் பசித்த குழந்தை மாதிரி ஊ என்கிறது. பேச முடியவில்லை.

பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை வேலூர் கோட்டை மைதானத்தில் சர்க்கார் மோட்டார் ஆபீசர் வண்டிகளைப் பார்க்கிறார். பாஸ் ஆனால் இந்த வருஷமும் இந்த ரோடு எங்களுக்கு. ஆகாவிட்டால் பச்சை பஸ்காரனுக்கு முழு ரோடும் போய்விடும். பச்சை பஸ் கண்டக்டர் எங்கள் பஸ்ஸைத் தாண்டும்போது காதில் விரல் வைத்துக் காட்டுகிறான். அவன் மூஞ்சியும் அவனும்.

பிப்ரவரி 7, வியாழன்

தானியேலைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேறு ஆளே கிடைக்கவில்லையா?

அவன் அப்பனும் என் அப்பனும் ஒரே சுண்ணாம்புக் குழியில் தோல் மிதித்தவர்கள். இவன் ஜெர்மன் சண்டையின்போது பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து கப்பலேறி பஸ்ராவுக்குப் போய் வந்தான். போய் வந்து பதினாறு வருஷம் ஆகிறது, இன்னும் வாய் மட்டும் திரும்பி வரவில்லை. இன்று வந்ததிலிருந்து பஸ்ரா, பஸ்ரா.

"பஸ்ராவுல கேப்டன் துரை வண்டிக்கு நான்தான் டிப்ரன்சல் கட்டுனேன். மணல்ல ஓடும், சத்தம் வராது. துரையே எறங்கி வந்து கை குடுத்தான்."

பாஷா "மாஷா அல்லா" என்றார். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார்.

உருண்டையைப் பிரித்தான். உள்ளே பெரிய பல்சக்கரம் ஒன்று, அதைத் தள்ளுகிற சின்னப் பல் ஒன்று. சின்னது பினியன். அதன் தண்டைத் தாங்கிச் சுற்ற விட இரண்டு பேரிங். பேரிங்கில் உருளைகள் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருந்தன. தானியேல் அதைப் பார்க்கவில்லை, விரலால் தடவினான். தடவிவிட்டு "போச்சி" என்றான். காசி புது பேரிங் வாங்க மெட்ராசுக்கு ரயில் ஏறினான்.

பிப்ரவரி 10, ஞாயிறு

இன்றைய கூத்தை விவரமாக எழுத வேண்டும்.

புது பேரிங் போட்டு, தண்டின் நுனியில் நட்டைப் போட்டு முடுக்கினான் தானியேல். நான் இவ்வளவு காலம் நினைத்திருந்தது, எது சுற்றினாலும் தளர்வாகச் சுற்ற வேண்டும் என்று. கிணற்று ராட்டினம் அப்படித்தான். மாட்டு வண்டி அப்படித்தான். இவன் சொல்கிறான், "சும்மா நிக்கும்போதே கொஞ்சம் இறுக்கமா இருக்கணும். துளி ஆட்டம் இருந்தாலும் லோடு ஏறும்போது பினியன் ஒதுங்கும், பல்லு பல்லைத் தின்னும். ஜாஸ்தி இறுக்கினா பேரிங் வெந்துடும். அந்த நடு இருக்குதே, அதுதான் வேலை."

நடுவைப் பார்ப்பதற்கு ஒரு வேடிக்கை. பாஷாவிடம் கடுக்காய் நிறுக்கிற சின்ன வில் தராசு இருக்கிறது. பினியன் தலையில் கயிற்றைச் சுற்றி, நுனியைத் தராசுக் கொக்கியில் மாட்டி, மெதுவாக இழுக்கிறான். தண்டு சுற்றுகிறது. முள் எத்தனை ராத்தல் காட்டுகிறதோ அவ்வளவு இறுக்கமாம். தராசு அவன் கையில், முள் அவன் மூக்குக்கு நேரே. இருந்தும் காசியைக் கேட்கிறான், "இன்னா காட்டுது, சொல்லு."

துரை! தானே பார்த்தால் கிரீடம் விழுந்துவிடும். படித்துச் சொல்ல ஒரு குமாஸ்தா வேண்டும்.

"பதினஞ்சி" என்றான் காசி.

"எட்டுதான் இருக்கணும். ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல இரும்பு வாஷர் போட்டு எடம் கூட்டணும். மெல்லிசா, கடுதாசி மாதிரி. அது இருந்தா நட்டு எவ்ளோ முடுக்கினாலும் வாஷர் மேல நிக்கும், பேரிங் மேல ஏறாது."

மெட்ராசுக்குத் தந்தி கொடுக்கப் போகிறார்கள். அழுக்கு வேட்டியில் இருக்கிறான், பேச்சு மட்டும் லாட்டு துரை பேச்சு.

பிப்ரவரி 11, திங்கள்

பதில் தந்தி வந்தது. நானே படித்தேன். இங்கிலீஷ் எழுத்து இன்னும் தெரியாது, ஆனால் 20 என்ற எண் தெரிந்தது. இருபதாம் தேதிதான் வாஷர் வெட்டித் தருவார்களாம். ஆபீசர் பார்ப்பது பதினெட்டு.

தானியேல், "ஆபீசரைப் போய் ஒரு வாரம் கேளு காசி" என்றான். காசிக்குத் தைரியம் இல்லை. பச்சை பஸ்காரன் அங்கேயே உட்கார்ந்திருப்பான் என்கிறான்.

பிப்ரவரி 12, செவ்வாய்

வழி நான் கண்டுபிடித்தேன்!

கடுதாசி மாதிரி மெல்லிசாக வேண்டும், எங்கேயும் தடிப்பு மாறக்கூடாது, அவ்வளவுதானே? முப்பத்தைந்து வருஷம் தோல் சீவியவன் நான். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தால் எந்த இடம் ஒரு மயிர் ஜாஸ்தி என்று சொல்வேன். ஆவாரம்பட்டையில் ஊறிய எருமை அடித்தோல் இரும்பு மாதிரி இருக்கும். அதைச் சீவி வட்டமாக வெட்டினால் வாஷர். மெட்ராஸ் எதற்கு, தந்தி எதற்கு?

பாஷா கையைத் தட்டினார். "பெரியவரே, இது நம்ம ஊர் சரக்கு!" என்றார். காசியின் முகத்தில் இத்தனை நாளில் முதல் முறையாக வெளிச்சம்.

தானியேல் எழுந்து நின்றான். "இது வண்டி, செருப்பு இல்லே."

"உங்கப்பன் கை தோல்ல ஊறாம நீ பஸ்ரா போனியா?" என்று கேட்டேன்.

"தோல் அமுங்கும்யா. சூட்டுல என்னா ஆவும் தெரியுமா?"

"எங்க ஷாப்பு தோல் அமுங்காது."

எழுந்தவன் திரும்ப உட்கார்ந்தான். நான் ஜெயித்தேன்.

பிப்ரவரி 13, புதன்

பழைய கத்தியை எடுத்துத் தீட்டினேன். கை மறக்கவில்லை. வாஷர் ஒன்று, இரண்டு, மூன்று செய்தேன். அமிர்தவள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "மாமா, அப்பளம் மாதிரி இருக்குது" என்றாள்.

காசி போட்டு முடுக்கினான். கயிறு, தராசு. எட்டு. சரியாக எட்டு. நானே முள்ளைப் படித்தேன்.

தானியேல் பினியனைக் கையால் இரண்டு சுற்று சுற்றினான். "இன்னிக்கு நல்லாத்தான் இருக்குது" என்றான். அப்புறம் தன் ஸ்பானரை ஒவ்வொன்றாகத் தடவி எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு, "என் பேரை இதுல சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சோறு போட்டு வைத்திருந்தது, சாப்பிடவில்லை. பஸ்ராவில் ரோஷம் மட்டும் மலிவாகக் கிடைத்திருக்கும்.

பிப்ரவரி 14, வியாழன்

பஸ் ஓடியது. சத்தம் இல்லை.

பிப்ரவரி 15, வெள்ளி

பஸ் ஓடியது. பச்சை பஸ் கண்டக்டர் காதில் விரல் வைக்கவில்லை. நான் ஜன்னல் வழியாக அவனுக்கு என் காதைக் காட்டினேன்.

பிப்ரவரி 17, ஞாயிறு

கடைத்தெருவில் எதிரே தானியேல் வந்தான். நான் நின்றேன். அவன் என்னைப் பார்க்காத மாதிரி கிட்டத்தில் உரசிக்கொண்டு போனான். தோற்றவனுக்கு முகத்தைப் பார்க்க வெட்கமாகத்தான் இருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வரும்வரை சிரித்தேன்.

நாளைக்கு நானும் வேலூர் போகிறேன். ஆபீசர் "யார் செய்தது" என்று கேட்டால் காசி என்னைக் காட்ட வேண்டும் அல்லவா.

பிப்ரவரி 18, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் கிளம்பினோம். ஜனங்களை ஏற்றவில்லை, வண்டி கழுவிப் பளபளவென்று இருந்தது. மாதனூர் தாண்டியதும் காசி வேகம் எடுத்தான். பள்ளிகொண்டா வருவதற்கு முன்னால் ஒரு வாசனை. பாஷா, "பிரேக் தேயுது" என்றார். காசியும் ஆமாம் என்றான்.

பிரேக் இல்லை. எனக்குத் தெரியும். ஷாப்பில் ஒரு தடவை உலர்த்தும் கொட்டகையில் நெருப்புப் பிடித்தது. தோல் தீயும் வாசனை செத்தாலும் மறக்காது.

சொன்னால் வண்டி நிற்கும். நின்றால் ரோடு போச்சு. சொல்லாவிட்டால்? ஒரு மைல்கல் வந்தது. வேலூர் 14 என்று படித்தேன். முதல் தடவையாகப் படித்ததில் சந்தோஷம் வரவில்லை. இன்னொரு கல் வரட்டும் என்று இருந்தேன். ஏன் இருந்தேன்? வாசனை நின்றுவிடும் என்றா? யாருக்கும் தெரியாமல் போகும் என்றா? பின்னால் ஊ என்று ஆரம்பித்தது. அழுகை இல்லை இது, ஊளை.

"காசி, நிறுத்துடா. என் தோலுடா அது" என்றேன்.

இறங்கிப் பார்த்தால் உருண்டையில் கை வைக்க முடியவில்லை. பாஷா தண்ணீர் தெளித்தார், சீறியது. பச்சை பஸ் வந்தது. நின்றான். நின்று காசியை ஏற்றிக்கொண்டான், அதுதான் கொடுமை. என் மகன் பச்சை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆபீசரைப் பார்க்கப் போனான்.

நாங்கள் இரண்டு ஜோடி மாடு பிடித்து பஸ்ஸை இழுத்துக்கொண்டு ஆம்பூர் வந்தோம். ஊரே வாசலுக்கு வந்து பார்த்தது. எவனோ, "மாட்டுக்கு டிக்கெட்டு உண்டா பாய்?" என்று கேட்டான். பாஷா மாஷா அல்லா சொல்லவில்லை.

என்னாத்துக்குடா அந்தக் கத்தியை எடுத்தே, தனகோடி? யார் கேட்டாங்க?

பிப்ரவரி 19, செவ்வாய்

காசி நேற்றே திரும்பி வந்தும் இன்றுதான் வாயைத் திறந்தான். ஆபீசரிடம் உள்ளதைச் சொன்னானாம். "டிப்ரன்சல்ல தோலா வெச்சீங்க?" என்று கேட்டு மேஜையில் சாய்ந்து சிரித்தாராம். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சனிக்கிழமை வரை தவணை கொடுத்தாராம். அவ்வளவுதான். கேட்டார், கொடுத்தார். தானியேல் முதலிலேயே போய்க் கேள் என்றான்.

காசி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நைனா, சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டான். திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 20, புதன்

காசி வாஷரும் புது பேரிங்கும் வாங்க மெட்ராஸ் போனான். ரயில் ஏறுவதற்கு முன்னால் தானியேல் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறான். வர மாட்டேன் என்றானாம். "உங்கப்பன வந்து கூப்பிடச் சொல்லு" என்றானாம்.

நானா? அந்தப் பஸ்ரா வாயைத் தேடியா?

அமிர்தவள்ளி பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "சனிக்கிழமைக்கு இன்னும் ரொம்ப நாள் இல்ல மாமா" என்றாள். படித்த பெண்கள் இப்படித்தான், கொஞ்சமாகச் சொல்லிவிட்டு விட்டுவிடுவார்கள்.

பிப்ரவரி 21, வியாழன்

போனேன்.

தானியேல் வாசலில் சாக்கை விரித்து நட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றாக எடுத்து விரலை உள்ளே விட்டுப் பார்த்து வைத்தான். நான் கை எட்டும் தூரத்தில் நின்றேன். நிமிர்ந்தான்.

"யாரு, பாஷாவா?"

பாஷா என்னைவிட ஒரு முழம் உயரம். தாடி வேறு.

அவன் சொம்பை எடுத்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினான். பாதி டம்ளருக்கு வெளியே போயிற்று. அப்போதுதான் அவன் கண்ணை ஒழுங்காகப் பார்த்தேன். கண்மணியில் சுண்ணாம்புத் தண்ணீர் தேங்கின மாதிரி வெள்ளை. இரண்டு கண்ணிலும்.

"தனகோடி" என்றேன்.

"ஓ. எழுத்துக்காரரா." டம்ளரை நீட்டினான், நான் இல்லாத பக்கம். "பாத்துட்டியா? பாத்தா பாத்துக்கினு போ. வெளியில சொல்லாதே. கண்ணு போன மேஸ்திரிக்கு எவன் வண்டியைத் திறந்து காட்டுவான்?"

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருசமா மூடிக்கினே வருது. வேலைக்கு ஒண்ணும் பேஜார் இல்லே. பல்லு, பேரிங்கு, எல்லாம் கை பாக்கும். அந்தத் தராசு முள்ளு ஒண்ணுதான் என்கிட்ட பேச மாட்டேங்குது."

அப்படியானால் அன்று காசியைக் கேட்டது... கடைத்தெருவில் உரசிக்கொண்டு போனது... சரி.

தோல் என்ன ஆயிற்று என்று நானே கேட்டேன். சொன்னான்: "சூட்டுல, எண்ணெயில, உன் தோல் அமுங்கிடுச்சி. அது தாங்கிக்கினு இருந்த முடுக்கு மொத்தமும் பேரிங் மேல உட்காந்துது. வெந்துது. ஆனா சீவுனது நல்லா சீவியிருந்தே. அன்னிக்கே தடவிப் பாத்தேன். ஒரு மயிர் வித்தியாசம் இல்லே. பஸ்ராவுல கூட..."

"பஸ்ராவை விடு. வருவியா?"

"ஊர் பூரா படிக்கத் தெரியும்னு சொல்லிக்கினு திரியறியாமே. நீ முள்ளைப் படிக்கறதா இருந்தா வர்றேன். மத்தவன் எல்லாம் முள்ளு ஆடறதுக்குள்ள வாய்க்கு வந்ததைச் சொல்றான்."

எனக்கு இவனைப் பிடிக்கவில்லை. இதை எழுதும்போதும் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 22, வெள்ளி

முழு நாளும் வேலை. எல்லாரையும் வெளியே அனுப்பச் சொன்னான். தொழில் ரகசியமாம். காசி முறைத்தான், போனான். நானும் தானியேலும் மட்டும்.

பெரிய சக்கரத்தின் பற்கள் தப்பித்திருந்தன. நான் இன்னொரு மைல்கல் பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருக்காது என்றான். நிறுத்தச் சொன்னதை நான் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. காசி சொல்லியிருப்பான்.

கயிற்றைச் சுற்றி இழுத்தான். "கெளம்பும்போது காட்டறதை விடு. அது பொய். சுத்திக்கினு இருக்கும்போது நிக்குது பாரு, அதைச் சொல்லு."

"பதினாலு."

வாஷர் போட்டான். முடுக்கினான். "பதினொண்ணு." இன்னொன்று போட்டான். முள் ஆடி நின்றது. ஆறு. எனக்குக் களைப்பு. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எட்டு என்று சொல்லியிருந்தால் அவனுக்குத் தெரியாது, வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"ஆறு" என்றேன்.

"நிசமா?"

"எனக்குப் படிக்கத் தெரியும்யா!"

நட்டைக் கழற்றி, அந்த வாஷரை எடுத்துவிட்டு இன்னும் மெல்லிசாக ஒன்றைப் போட்டான். எது மெல்லிசு என்று அவனுக்குச் சந்தேகம். என்னிடம் இரண்டையும் நீட்டினான். நான் விரலுக்கு நடுவில் பிடித்து, "இது" என்றேன். முடுக்கினான். இழுத்தான். எட்டு. மறுபடி இழுத்தான். எட்டு.

ஆணி குத்திப் பூட்டிவிட்டு, பஸ்ராவில் இதே மாதிரி ஒரு லாரிக்கு என்று ஆரம்பித்தான். கேட்டுக்கொண்டிருந்தேன். பொய்தான். சோறு சாப்பிட்டான், மூன்று தடவை ரசம் கேட்டான்.

பிப்ரவரி 23, சனி

பாஸ். ஆபீசர் பின் உருண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகர்ந்தும் பார்த்தாராம். முகர்ந்தாராம்! படித்த மனுஷன்.

மார்ச் 3, ஞாயிறு

தானியேல் வந்து வாசலில் நின்று, "எழுத்துக்காரரே, வாலாஜாவிலேர்ந்து ஒரு லாரி வந்திருக்குது, வர்றியா?" என்றான். போனேன். முதலாளிக்கு எதிரே என்னிடம், "இன்னா காட்டுது, சொல்லு" என்று அதே துரைக் குரலில் அதட்டினான். குமாஸ்தா மாதிரி நின்று படித்தேன். முதலாளி அவனைப் பயத்தோடு பார்த்தார். இப்படி ஒரு வேஷக்காரனை நான் கண்டதில்லை.

மார்ச் 17, ஞாயிறு

வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியில் கண்ணில் படிந்த வெள்ளையைக் கத்தி வைத்து எடுக்கிறார்கள் என்று அமிர்தவள்ளி சொன்னாள். போய்த் தானியேலிடம் சொன்னேன். கத்தி என்றதும் முகம் வெளுத்துவிட்டது. பீரங்கிக்கு எதிரே நின்றேன் என்று ஊரெல்லாம் சொல்பவன்! "எனக்கு இப்பவே நல்லாத்தான் போய்க்கினு இருக்குது" என்றான். கோழை. கோழை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். சாக்கிலிருந்து ஒரு நட்டை எடுத்துத் தடவிக்கொண்டே, "நீ கூட வர்றதா இருந்தா" என்றான்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு நினைப்பு வந்தது. கண் திறந்துவிட்டால் முள்ளை அவனே படித்துக்கொள்வான். அப்புறம் என்னை எதற்குக் கூப்பிடப் போகிறான்? அவசரம் என்ன, ஆடி கழியட்டும் என்று நாளைக் காலையில் சொல்லிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். பச்சை பஸ் கண்டக்டருக்குக்கூட இவ்வளவு கேவலமான புத்தி இருக்காது. என் கையெழுத்தில் இருக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

நாளைக்கு முதல் பஸ். காசியிடம் முன் சீட்டு இரண்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். போகும்போது பலகையெல்லாம் நான் அவனுக்குப் படிக்கப் போகிறேன், ஒன்று விடாமல், அவன் பஸ்ரா பேச இடமே கொடுக்காமல். திரும்பி வரும்போது அவன் படிக்கட்டும்.

அவனுக்குப் படிக்கத் தெரியுமா? கேட்கவில்லையே.